நாலாவது சீலம்

ராஜவேலைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே பொன்னுரங்கம்தான். அவர் மனைவி மலர்க்கொடிக்கு ஒரே தம்பி அவன். அதற்கு முன்பு கடலூர்த் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் இரண்டு மாதம் கை முடங்கிவிடும். ஐப்பசி மழையில் இன்னும் ஒரு மாதம்.

"மாமா, ஒங்க கம்பெனியில ஒரு எடம் பாருங்க மாமா. காண்ட்ராக்டா இருந்தாகூட பரவால்ல. மாசம் முழுக்க வேல இருந்தா போதும்" என்று ஒரு பொங்கலன்று கேட்டான். பொன்னுரங்கம் மேஸ்திரியைப் பிடித்து, சூப்பர்வைசரைப் பிடித்து, சித்திரைக்குள் அவனை உள்ளே கொண்டுவந்துவிட்டார்.

மருந்துக்கும் சாயத்துக்கும் மூலச்சரக்கு செய்கிற கம்பெனி. இன்றைக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்பது பக்கத்துக் குடிகாடு கிராமத்துக்காரர்களுக்கு வாடையிலேயே தெரிந்துவிடும். வற்றல் காயப்போடுகிற பெண்கள்கூட மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் பாயை விரிப்பார்கள். பொன்னுரங்கத்துக்கு அங்கே பத்தொன்பது வருடம். இன்னமும் ஒப்பந்தத் தொழிலாளிதான். கழிவுநீர்ப் பகுதியில் மூன்று ஆட்களை வைத்து வேலை வாங்குகிற பொறுப்பு அவருடையது. மச்சானைத் தன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். மத்தியானம் இருவரும் பம்ப் ரூம் நிழலில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ராஜவேலின் மனைவி பிரிசில்லா வைத்தனுப்பும் இறால் தொக்கில் பாதி மாமாவுக்குத்தான் போகும்.

ராஜவேல் அங்கே நான்கு வருடம் இருந்தான். நாலாம் வருடத்து ஆடி மாதம் ஒரு புதன்கிழமை, ஒன்றரை மணி வெயிலில், கழிவுநீர்த் தொட்டியின் பம்ப் அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்க ஏணியில் இறங்கினான். நாலைந்து படி போனதும் ஒருமுறை தலையைத் தூக்கி மேலே பார்த்தான். அப்புறம், விஷவாயு தலைக்கேறி, கையை விட்டுவிட்டான். சத்தமே இல்லை. மேலே கொண்டுவந்து போட்டபோது முகத்தில் சேறு, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நாற்பது வயது.

சாயந்திரம் நான்கு மணிக்குப் பொன்னுரங்கத்தை மேனேஜர் ஸ்ரீதர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் பொன்னுரங்கம் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். டீ வந்தது. ஒரு காகிதமும் வந்தது. ராஜவேல் குடித்திருந்ததாகவும், முகமூடி கொடுத்தும் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தானாகவே இறங்கியதாகவும், அதை நேரில் பார்த்ததாகவும் எழுதியிருந்தது.

"நடந்தது நடந்துடுச்சி. இத இழுத்தா கம்பெனிய மூடுவான். ஒன்னோட சேத்து முன்னூறு பேர் ரோட்டுக்கு வந்துடுவீங்க" என்றார் ஸ்ரீதர். "அந்தப் பொண்ணுக்குக் கேண்டீன்ல வேல போட்டுத் தர்றேன். அது என் பொறுப்பு. நீ கையெழுத்து போடு."

பொன்னுரங்கம் போட்டார்.

அவர் வீடு வந்து சேர்வதற்கு முன்பே அந்தப் பேச்சு ஊருக்குள் வந்துவிட்டது. ஊரும் நம்பியது. சின்ன வயதில் ராஜவேல் குடித்தவன்தான். பிரிசில்லாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கிய நாளோடு விட்டவன். பதினான்கு வருடம் தொடாதவன் மறுபடி தொட்டுவிட்டான் என்று சொன்னால் நம்பாமல் இருக்க யாருக்கும் காரணம் இல்லை.

மலர்க்கொடியும் நம்பினாள். மறுநாள் உடலைக் கொண்டுவந்து பந்தலில் வைத்தபோது பாய்ந்து போய் அவன் கன்னத்தில் அறைந்தாள். "குடிச்சிட்டு குழிக்குள்ள எறங்குனியாடா? வயசுக்கு வரப்போற பொட்டப் புள்ளைய வெச்சிக்கிட்டு ஒனக்குக் குடி கேட்டுதாடா? நீ எனக்குத் தம்பியே இல்லடா, போடா!" நான்கு பெண்கள் சேர்ந்து பிடித்து இழுத்தார்கள். பொன்னுரங்கம் பந்தல்காலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனிக்குப் போனார், வந்தார். பம்ப் ரூம் பக்கம் சாப்பிட உட்காருவதை விட்டுவிட்டார். வீட்டில் உப்பு குறைந்தால் கத்தினார், டம்ளர் உருண்டால் கத்தினார். தம்பியைப் பறிகொடுத்தவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய மனிதன் இப்படி ஆகிவிட்டாரே என்று மலர்க்கொடி துறைமுகத்தில் தன்னோடு இறால் உரிக்கிற பெண்களிடம் சொல்லி அழுதாள்.

கார்த்திகை மாதம் சிங்காரம் அவரைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போனான். சிங்காரம் பாய்லர் பகுதியில் வேலை செய்பவன். ஒரு காலத்தில் பெண்டாட்டியைப் போட்டு அடிப்பவன் என்று பேர் எடுத்தவன், இப்போது யாரிடமும் குரல் உயர்த்துவதில்லை. "வாங்கண்ணே. சாமி கும்புடுறதெல்லாம் இல்ல. சும்மா உக்காந்துட்டு வர்றதுதான்" என்றான்.

அம்மாபேட்டையில் ஒரு தையல் கடையின் மாடி. கடைக்காரி மாலதிக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். அவள் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது ரங்கூனிலிருந்து கப்பலில் திரும்பிய குடும்பம். வரும்போது தகரப் பெட்டியில் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்த சாண் உயரப் பளிங்குப் புத்தர் ஒரு மர ஸ்டூலின்மேல் இருந்தது. ஒரு காது மூளியாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஒரு பேங்க் கிளார்க், ஆட்டோ ஓட்டுகிற இருவர், பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு நர்ஸ். வெட்டுத்துணி ஒதுக்கிய தரையில் பாயை விரித்து உட்காருவார்கள்.

"எதையும் நெனைக்காதீங்கன்னு நான் சொல்லல" என்றாள் மாலதி. "நெனப்பு வரும். வந்தா வந்துச்சின்னு பாருங்க. அத தொரத்தவும் வேணாம், அதுகூட போவவும் வேணாம். மூக்கு நுனியில காத்து உள்ள போவுது, வெளிய வருது. அதுக்குத் திரும்பி வந்துடுங்க. அவ்ளோதான்."

பொன்னுரங்கம் கண்ணை மூடினார். காற்று உள்ளே போனது. போனதும் தொட்டியின் அழுகிய முட்டை வாடை அடித்தது. வெளியே விட்டு மறுபடி இழுத்தார். மறுபடி அதே வாடை. சிதம்பரத்தில், தெருவில் யாரோ கத்தரிக்காய் விற்றுக்கொண்டு போகிற காலை நேரத்தில், அந்த வாடை அவர் மூக்குக்குள்ளேயே இருந்தது. ஒரு மூச்சில் செத்தவனை நினைத்துக்கொண்டு இன்னொருவன் மூச்சை எப்படி எண்ணுவான்? கடைசியில் மாலதி, "இப்ப ஒங்களுக்கு ஒங்களே நல்லது நெனைச்சுக்குங்க. நான் பகையில்லாம இருக்கணும், நான் நல்லா இருக்கணும். அப்புறம் புடிச்சவங்களுக்கு, அப்புறம் புடிக்காதவங்களுக்கு" என்றாள். பொன்னுரங்கத்தால் முதல் படியே ஏற முடியவில்லை.

ஆனாலும் அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று பஸ் ஜன்னலில் வயல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு போவது அவருக்குப் பழகிவிட்டது. தையில் அந்த வாடை குறைந்தது. மாசியில் போய்விட்டது. விடியற்காலை எழுந்து கூடத்தில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார். கோபம் வரும்போது அது வருவது தெரிந்தது. தெரிந்ததும் தணிந்தது.

"என்னா மாயம் பண்ணாங்களோ தெரியல, டம்ளர வுட்டு எறிஞ்சாகூட சிரிக்கிறாரு" என்று மலர்க்கொடி சிங்காரத்திடம் சொன்னாள். "அந்தப் பொம்பள கால்ல நான் ஒரு தடவ வுழுந்து கும்புடணும்."

புத்தர் பிறந்த வைகாசிப் பௌர்ணமிக்கு மாடியில் எல்லோரும் வெள்ளை உடுத்தி வந்திருந்தார்கள். பாயசம் காய்ச்சியிருந்தார்கள். அன்றைக்கு ஐந்து சீலங்களையும், ஐந்து ஒழுக்க உறுதிமொழிகளை, ஏற்றுக்கொள்வது வழக்கம். மாலதி ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். உயிரைக் கொல்ல மாட்டேன். சொன்னார்கள். கொடுக்காததை எடுக்க மாட்டேன். தவறான உறவில் போக மாட்டேன். பொன்னுரங்கம் எல்லோரோடும் சேர்ந்து உரக்கவே சொன்னார். நாலாவது, பொய் பேச மாட்டேன். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. இருமினார். சுற்றியிருந்தவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். ஐந்தாவது குடியைப் பற்றியது. மாலதி அந்த வார்த்தையைத் தொடங்கியதுமே பொன்னுரங்கம் எழுந்து படியிறங்கிவிட்டார்.

பாயசம் பரிமாறி முடித்துவிட்டு மாலதி கீழே வந்தபோது அவர் பூட்டிய கடையின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவளும் ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள்.  அவரே சொன்னார். தொட்டி, காகிதம், கையெழுத்து, பந்தலில் விழுந்த அறை. சொல்ல வெகுநேரம் ஆகவில்லை.

"ஆறு மாசமா உக்காந்துட்டேம்மா. மனசு அடங்கிடுச்சின்னுதான் நெனச்சேன்."

"அடங்குறது வேற, சுத்தமாவுறது வேறண்ணே. கலங்கல் தண்ணிய அசைக்காம வெச்சா மேல தெளிஞ்சிடும். சேறு எங்க போவும்? அடியிலதான் கெடக்கும்."

"எங்க தொட்டியும் அப்படித்தான்" என்றார் பொன்னுரங்கம். அவள் பக்கம் திரும்பி, "ஒரு பரிகாரம் சொல்லும்மா. என்னா சொன்னாலும் செய்யிறேன்" என்றார்.

"பரிகாரம்னு எங்கிட்ட ஒண்ணுமில்ல. நான் ஜாக்கெட் தைக்கிறவ. எங்கப்பா எனக்குச் சொன்னத ஒங்களுக்குச் சொல்றேன், அவ்ளோதான்." மாலதி தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உண்மைய சொல்லிட்டா ஒங்களுக்கு லேசாயிடும். ஆனா லேசாவணும்னு சொல்லாதீங்கண்ணே. அதுவும் ஒரு ஆசதான். அது யாருக்குச் சேரணுமோ அவங்களுக்காகச் சொல்லுங்க. சொன்னப்புறம் அவங்க ஒங்கள என்னா பண்ணாலும் அதுக்கும் உக்காந்துதான் ஆவணும்."

பதினெட்டு நாள் அவர் சொல்லவில்லை. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பின. ஆனி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மலர்க்கொடி துறைமுகத்திலிருந்து பச்சை நெத்திலி கொண்டுவந்தாள். கிணற்றடியில் முறத்தைப் போட்டு உட்கார்ந்து தலையைக் கிள்ளிக் குடலை உருவிக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என்னா, சிதம்பரம் போவலியா இன்னிக்கு?"

"போவல. ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"ராஜவேலு அன்னிக்குக் குடிக்கல."

அவள் கை நிற்கவில்லை. இரண்டு மீன் கிள்ளினாள். "என்னா சொல்றீங்க?"

"அவன் குடிக்கல மலரு. முகமூடியும் யாரும் குடுக்கல. கம்பெனியில எழுதி வெச்சிருந்தாங்க, நான் கையெழுத்து போட்டுட்டேன்."

அவள் இன்னொரு மீனை எடுத்தாள். அதைக் கிள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். காகம் ஒன்று முறத்துக்குப் பக்கத்தில் வந்து இறங்கி ஒரு தலையைக் கொத்திக்கொண்டு போனது. அதை விரட்டவில்லை.

"நான் அவன அடிச்சேனே" என்றாள்.

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொணத்த அடிச்சேன்யா. ஊரே பாக்க அடிச்சேன். நீ எனக்குத் தம்பியே இல்லன்னு அவன் மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். நீ எங்க நின்ன? அங்கதான நின்ன? பந்தக்கால புடிச்சிக்கிட்டு நின்னியே, நான் அடிக்கிறப்ப ஒன் வாயில என்னா இருந்துச்சி?" இருபத்து மூன்று வருடத்தில் அவள் அவரை 'நீ' என்று சொன்னதில்லை. "அவன் கெடக்குறான், மூக்குல பஞ்சு வெச்சி கெடக்குறான், கடைசியா அக்கா கையால வாங்கிக்கிட்டுப் பூட்டான். அத நான் எங்க போயி எடுப்பேன்? சொல்லு. எந்த ஊருல போயி எடுப்பேன்?"

"பயந்துட்டேன் மலரு."

"நீ கண்ண மூடி உக்காந்தியே தெனம் காலையில. நான் சத்தம் வராம பாத்திரம் கழுவுனேன், ஒன் நிம்மதி கலைஞ்சிடக் கூடாதுன்னு. என் தம்பி மேல உக்காந்துல்ல நிம்மதியத் தேடியிருக்க."

முறத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். மீன்கையைக்கூடக் கழுவாமல் தெருவில் இறங்கினாள். பிரிசில்லா வீட்டுக்குத்தான் போகிறாள் என்று தெரிந்து பொன்னுரங்கம் பின்னாலேயே போனார்.

பிரிசில்லாவின் வீடு ஊர்க்கோடியில், உப்பனாற்றைப் பார்த்த மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து புடவை மாற்றாமல் குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மலர்க்கொடி உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.  வாசலிலேயே நின்று பொன்னுரங்கம்தான் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை பிரிசில்லா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்ண்ணே" என்றாள்.

மலர்க்கொடி நிமிர்ந்தாள்.

"பதினாலு வருசம் கூட படுத்து எழுந்தவ. அன்னிக்குக் காலையில மூஞ்சிக்கு நேரா நின்னு சாப்பாட்டுத் தூக்க குடுத்து அனுப்புனவ. எனக்குத் தெரியாதா அவரு குடிச்சாரா இல்லியான்னு? மூணாம் நாளு மேனேஜரு வந்தாரு. கேண்டீன்ல வேலன்னாரு. ஒண்ணும் பேசாத இருந்தா நல்லதுன்னாரு. நான் பேசாம இருந்தேன். நீங்க பேனாவுல போட்டீங்கண்ணே, நான் வாயால போட்டேன். நானும் கையெழுத்து போட்டவதான் அண்ணி."

"ஏண்டி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? கம்பெனி வாசல்ல போயி மண்ணை வாரி எறிஞ்சிருப்பீங்க. என் வேல பூடும், அண்ணன் வேல பூடும். வினோ ஒம்பதாவது படிக்கிறா அண்ணி." அவள் பொன்னுரங்கத்தைப் பார்த்தாள். "இப்ப என்னா பண்ணப் போறீங்க? போயி எழுதித் தரப்போறீங்களா? ஒங்க மனசு சுத்தமாவும். நாளைக்கு எங்க ஒலையில என்னா போடுறது?"

 சிதம்பரத்து மாடியில் யாரும் பொன்னுரங்கத்திடம் இதைக் கேட்டதில்லை.

"ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க" என்றாள் பிரிசில்லா. கத்தியை அப்போதுதான் கீழே வைத்தாள். "எம் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லுங்க. அவ அவங்கப்பன் பேர எழுத மாட்டேங்குறா. நோட்டுல இனிஷியல அடிச்சி வெச்சிருக்கா. ஸ்கூல்ல குடிகாரன் பொண்ணுன்னு எவளோ சொல்லிட்டாளாம். நான் அவரு குடிக்கலடின்னா, அம்மா நீ சும்மா சொல்றன்னு சொல்றா. பாத்தவங்க நீங்க. நீங்க சொன்னா நம்புவா."

வினோதினி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கூப்பிட்டதும் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பதின்மூன்று வயது. ராஜவேலின் நெற்றி அப்படியே இருந்தது.

பொன்னுரங்கம் அவளிடம் சொன்னார். மனைவியிடம் சொன்ன அதே வார்த்தைகள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா சத்தியமா குடிக்கலியா மாமா?"

"சத்தியமா இல்லம்மா. பதினாலு வருசமா அவன் அத தொடவே இல்ல."

அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. பிரிசில்லா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வினோதினி யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"முகமூடி குடுக்கலன்னா அப்பா ஏன் எறங்குனாரு? அவரு கேக்கலியா?"

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார்.  இதை அவர் மாலதியிடம் சொல்லவில்லை. மலர்க்கொடியிடம் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். குழந்தை நம்பியிருக்கும்.

"கேட்டான்" என்றார்.

"யார்கிட்ட?"

"எங்கிட்ட."

வீட்டில் குக்கரின் ஆவிச் சத்தம் மட்டும் கேட்டது.

"மாமா, மாஸ்க் எடுத்துக்கிட்டு வந்துடட்டுமான்னு கேட்டான். அது பூட்டி இருந்துச்சி. சாவி வெச்சிருந்தவரு சாப்புடப் போயிருந்தாரு. பம்ப் நின்னா மேல திட்டுவாங்க. அத தேடிக்கிட்டு நிக்காத மச்சான், அஞ்சு நிமிச வேல, எறங்கு, நான் மேல நிக்கிறேன்னு சொன்னேன். அவன் என் பேச்ச மீற மாட்டான். எறங்குனான்." பொன்னுரங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாலாவது படியில நின்னு என்ன அண்ணாந்து பாத்தான்மா. ஏறி வான்னு நான் சொல்லியிருக்கணும். எனக்கு அப்ப பம்ப்புதான் கண்ணுல இருந்துச்சி."

வினோதினி அழவில்லை. அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் திரும்பிப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் மறுபடி கேட்டது.

மலர்க்கொடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிரிசில்லா எழுந்து அடுப்பை அணைத்தாள்.

"போங்கண்ணே" என்றாள். "கையெழுத்தத்தான் நான் மன்னிச்சிருந்தேன். இது எனக்குத் தெரியாது. இதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. போயிடுங்க."

அவர் எழுந்து வெளியே வந்தார். மலர்க்கொடி கூட வரவில்லை. அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து தன் புடவைகளையும் இறால் உரிக்கிற கத்தியையும் எடுத்துக்கொண்டு பிரிசில்லா வீட்டோடு போய்விட்டாள். கிணற்றடியில் கிடந்த முறத்தைக் கழுவிச் சாய்த்துவைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஆடியில் ராஜவேல் செத்து ஒரு வருடம் ஆனது. அதற்குப் பத்து நாள் கழித்துப் பிரிசில்லா சிங்காரத்திடம் சொல்லி அனுப்பினாள். "அண்ணன எழுதித் தரச் சொல்லுங்க. எல்லாத்தையும் எழுதணும், எறங்கச் சொன்னதையும் சேத்து. கேண்டீன் வேலய நான் வுட்டுட்டேன். அந்தச் சோத்த எம் பொண்ணு தொட மாட்டேங்குறா."

அவளும் மலர்க்கொடியோடு இறால் உரிக்கப் போக ஆரம்பித்திருந்தாள்.

பொன்னுரங்கம் எழுதினார். மூன்று பக்கம். சிங்காரம் வீட்டுப் படியில் உட்கார்ந்து எழுதி, கையெழுத்துப் போட்டு, கடலூருக்குப் போய் விபத்தை விசாரிக்கிற அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். மறுவாரம் கம்பெனி கேட்டில் அவருடைய நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஊரில் பாதிப்பேர் பேச்சை நிறுத்தினார்கள். கம்பெனியை மூடவைக்கப் பார்க்கிறான் என்று சிலர், மச்சானைக் கொன்றவன் என்று சிலர். தேவனாம்பட்டினத்தில் வலைக்காரர்களுக்குக் கயிறு திரித்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. விடியற்காலையில் உட்காருவதை அவர் விடவில்லை. இப்போது அது நிம்மதியாக இல்லை. கண்ணை மூடினால் நாலாவது படியில் நிற்கிற முகம் வந்தது. துரத்தவில்லை. அது பார்க்கிறவரை அவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சில நாள் வெயில் ஏறிவிடும்.

ஐப்பசியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல மழை. அலுவலகத் தாழ்வாரமெல்லாம் குடைத் தண்ணீர். அதிகாரி அறிவழகனுக்கு வயது அதிகமில்லை, ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் கம்பெனி வக்கீல். பின்பெஞ்சில் பிரிசில்லா, வினோதினி, மலர்க்கொடி. நான்கு மாதத்துக்குப் பிறகு பொன்னுரங்கம் மனைவியை அவ்வளவு பக்கத்தில் பார்த்தார். இளைத்திருந்தாள். விரல்களில் ஐஸ் கடித்த புண்.

"முன்னாடி குடுத்த வாக்குமூலம் பொய்ங்கிறீங்களா?"

"பொய் சார்."

"ஏன் பொய் சொன்னீங்க?"

"வேல பூடும்னு பயம் சார். அதவிட, நான்தான் எறங்கச் சொன்னேன்னு தெரிஞ்சிடும்னு பயம். செத்தவன் மேல போட்டா அவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான்ல."

"இதனால ஒங்க மேலயே கேஸ் வரும். தெரியுமா?"

"தெரியும் சார்."

அறிவழகன் கோப்பைப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்திப் பின்னால் திருப்பினார். ஒரு காகிதத்தை வெளியே எடுத்து எழுத்தரிடம் காட்டினார். ராஜவேலின் பிரேதத்து உள்ளுறுப்புப் பரிசோதனை அறிக்கை. தை மாதமே வந்திருக்கிறது. யாரும் கேட்காததால் யாரும் பிரித்துப் படிக்கவில்லை. அவர் அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் எழுத்தருக்குச் சொல்லி எழுதவைத்தார். எழுதியதை வாசிக்கச் சொன்னார். எழுத்தர் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனார்.

"...ஆய்வறிக்கையின்படி, இறந்துபோன ராஜவேல், தகப்பனார் பெயர் சடையப்பன், சம்பவத்தின்போது மது அருந்தியிருக்கவில்லை என்று தெரியவருகிறது. மேலும்..."

"சார்."

மலர்க்கொடி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "அந்த வரிய இன்னொரு தடவ படிக்கச் சொல்லுங்க சார்."

எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். எழுத்தர் மறுபடி வாசித்தார், இந்தமுறை நிதானமாக.

"இன்னொரு தடவ சார். அவன் பேரோட."

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, காகிதத்தை விளக்கருகே பிடித்து, மூன்றாவது முறையாக ராஜவேல் என்று தொடங்கினார். வினோதினி அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.  மலர்க்கொடி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பந்தலில் கூட அழாத அழுகையை, அங்கே அந்த அரசாங்க அறையில், வாய்விட்டு அழுதாள்.

பொன்னுரங்கம் கதவோரம் நின்றார். அவள் பக்கம் இரண்டடி வைத்தார். பிரிசில்லா அவரைப் பார்த்துத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. அவர் நின்றுவிட்டார். பிறகு வெளியே வந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, மழையில் படியிறங்கினார்.